மார்கழித் தண்ணீரில் கெண்டை: தூண்டில் கேள்வி பதில்

மார்கழி பிறந்தாலே இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: தண்ணீர் நிறையக் கிடக்கிறது, மீனும் கிடக்கிறது, ஆனால் தக்கை அசையவே மாட்டேன் என்கிறது. இந்த முறை திருமங்கலத்திலிருந்து வந்த கடிதம் கடல் தாண்டி நடக்கும் ஒரு போட்டியைப் பற்றியது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அங்கே கடுங்குளிரில் படிக்கிற பாடம் நம் கண்மாய்க் கரைக்கும் உதவும் என்பது என் அனுபவம்.

ஐயா, என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். சின்ன வயதில் என்னோடு கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகியவன். கூட வேலை செய்கிறவர்கள் ஜனவரியில் நடக்கும் கெண்டைப் போட்டிக்குப் பேர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழகிப் பார்க்கலாம் என்று நவம்பர் கடைசியில் ஒரு நாள் போனவனுக்கு ஐந்து மணி நேரத்தில் ஒரு கடி கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் நாலு மீன் எடுத்தாராம். பையன் மனசு விட்டுப் பேசுகிறான். அவனுக்கு என்ன சொல்லட்டும்? அங்கே கார்ப் என்பது நம்ம கட்லாதானா?
– வாசகர், திருமங்கலம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்லா இல்லை. நம்மிடம் சாதாக்கெண்டை என்று சொல்கிறோமே, வாயோரத்தில் குட்டை மீசை இருக்கும், அடிச்சேற்றைக் கிளறித் தின்னும், அதுதான் அங்கே கார்ப். நமக்கும் அது ரொம்பக் காலப் பழக்கம். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள், 1957-ல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை நாட்டுக்குள் வந்தது. சமவெளிக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்காலோடு சேர்த்து விடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையின் வாரிசுகளைத்தான். சாதாக்கெண்டை பனிக்கட்டி மூடிய ஏரியிலும் உயிரோடு கிடக்கும். கட்லாவை அந்தத் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும்.

இனி உங்கள் மகன் விஷயம். எனக்கு அந்தக் குளிர் தெரியும். மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் தங்கியிருந்தேன், அங்கேயும் தூண்டிலை விடவில்லை. முதல் போட்டியில் எனக்கும் இதேதான் நடந்தது. நம்ம ஊர்ப் பழக்கத்தில், விசில் ஊதியதும் முதல் அரை மணிக்குள் நாலைந்து பெரிய உருண்டை இரையைத் தண்ணீரில் போட்டேன். மீன் கூடட்டும் என்ற எண்ணம். ஐந்து மணி நேரம் தக்கை அப்படியே நின்றது. பக்கத்து இடத்தில் எழுபது வயசுக்காரர் ஒருவர், கையில் வெறும் ரொட்டித் துண்டு, தண்ணீரில் ஒரு பொட்டு இரை கூடப் போடவில்லை, மூன்று கெண்டை எடுத்தார். எடை போடும்போது பன்னிரண்டு பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு அந்த வரிசையில் அதுதான் முதல் பரிசு. நான் போய்க் கேட்டேன், அவரும் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னதையும், அப்புறம் நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மீனுக்கு நம்மைப் போல உடம்புக்குள் தனிச்சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் உடம்புச் சூடு. பத்து டிகிரி இறங்கினால் உடம்புக்குள் நடக்கிற வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு கெண்டைக்கு இரைப்பையே இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து நேராகக் குடலுக்கு அனுப்புகிறது. ஆடு மாடு மாதிரி வயிற்றை நிரப்பிவிட்டுச் சாவகாசமாகச் செரிக்க இடமில்லை. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது நாள் முழுக்க மேய்கிற அதே மீன், 10 டிகிரிக்குக் கீழே போனால் நாளைக்குக் கொஞ்ச நேரம், கொஞ்சூண்டு தின்னும். 5 டிகிரியை நெருங்கினால் அனேகமாக வாயைத் திறக்காது. அந்த நிலையில் நீங்கள் கொட்டுகிற நாலு உருண்டை அதற்கு நாலு நாள் சாப்பாடு. அதற்கு நடுவில் முள்ளில் இருக்கும் ஒரு மணியை அது ஏன் வந்து எடுக்க வேண்டும்?

அதனால் மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: வெயில் காலத்தில் இரை போட்டு மீனை நம் இடத்துக்கு வரவழைக்கலாம், குளிரில் நாம்தான் மீன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். குளிர்காலப் போட்டியில் முக்கால்வாசி வேலை தேடுவதுதான்.

தேடுவது என்றால் எப்படி என்று கேட்பார். அந்த ஊர்ப் போட்டிக் குளங்களில் கரையைச் சுற்றி எண் போட்ட இடங்கள் இருக்கும், பெக் என்பார்கள். காலையில் சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணில் உட்கார வேண்டும், மாற முடியாது. குளிரில் கெண்டைகள் பரவி நிற்பதில்லை, ஓரிடத்தில் கும்பலாக அடைந்து நிற்கும். பத்துப் பெக்குக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது, பதினோராவதில் நூறு மீன் நிற்கும். சீட்டு நல்லபடி விழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது உண்மைதான், நான் மறைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் முன்னால் கிடக்கிற தண்ணீரில் ஆழமும் உண்டு, மேடும் உண்டு, நாணல் ஓரமும் உண்டு, எதிர்க்கரைக்குக் கிட்டத்தில் ஒரு மரநிழலோ வெயில் படுகிற திட்டோ உண்டு. அதில் எது என்று கண்டுபிடிப்பது ஆளுடைய கைத்திறன்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் எடை கூடிக் கனமாக இருக்கும், அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் பனிக்கட்டி மேலே மிதக்கிறது, ஆழத்தில் 4 டிகிரித் தண்ணீர் அப்படியே கிடக்கிறது. இரவெல்லாம் உறைபனி கொட்டிய காலையில் மீன் ஆழத்துக்குப் போவதற்கு இதுதான் காரணம். ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இதமாக இருந்து, வெயிலும் அடித்தால் மேல்தண்ணீர் ஒரு டிகிரியாவது சூடேறும். அப்போது கெண்டை அடியில் படுக்காமல் நடுத்தண்ணீரில் அந்தரத்தில் நிற்கும். அந்த நாளில் அடியில் இரையைக் கிடத்திவிட்டுக் காத்திருப்பவர் கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு ரொட்டி வித்தை சொல்லிக்கொடுத்தவர் செய்ததும் இந்த அந்தரத் தேடல்தான். வெள்ளை ரொட்டியில் ஒரு குழாயால் குத்தி, நம்ம சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டம் எடுத்து முள்ளில் கோப்பார். இரை எதுவும் தூவ மாட்டார். முதலில் அடியிலிருந்து ஒரு அடி மேலே, பத்து நிமிடம். கடி இல்லையென்றால் தக்கையை இறக்கி இன்னும் ஒரு அடி மேலே. அப்புறம் இடது பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி. அப்புறம் வலது. குளம் முழுக்கத் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு மீன் விழுந்த இடத்தில், அதே ஆழத்தில், உடனே மறுபடி போடுவார், ஏனென்றால் அங்கே ஒன்று நின்றால் கூட்டமே நிற்கிறது என்று அர்த்தம்.

அங்கே இதற்குப் பதினாறு மீட்டர் வரை நீளும் கார்பன் கம்பு வைத்திருப்பார்கள், நுனிக்குள் ரப்பர் நரம்பு ஓடும். விலை அதிகம். மகனிடம் அது இல்லையென்றால் சுழலி மாட்டிய சாதாரணத் தூண்டில் கம்பு போதும்: தக்கையைக் கழற்றிவிட்டு ஒரு ஈயக்குண்டு மட்டும் கட்டி, ரொட்டியோ மக்காச்சோள மணியோ கோத்து எறிந்து, கம்பு நுனி வளைவதைப் பார்த்து மீன் பிடிக்கிற முறை ஒன்று உண்டு. அதிலும் ஒரே இடத்தில் எறிந்துகொண்டிருக்கக் கூடாது. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்து வேறு தூரம், வேறு திசை. ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள், மீன் கும்பலாக நிற்கும் இடத்தில் அதன் உடம்பு தூண்டில் நரம்பில் உரசினாலும் நுனி லேசாகத் துடிக்கும். அதைக் கடி என்று நினைத்துக் கம்பை வெட்டி இழுத்தால் மொத்தக் கூட்டமும் கலைந்துவிடும். உண்மையான கடியில் நுனி வளைந்து அப்படியே நிற்கும் அல்லது இழுத்துக்கொண்டே போகும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை.

நரம்பு மெலிசாக இருக்கட்டும். கோடையில் முள் கட்டுகிற நரம்பு 0.17 மில்லிமீட்டர் போட்டால் குளிரில் 0.12-லிருந்து 0.14. முள்ளும் சின்னது, 18-ஆம் எண் அல்லது 16. அங்கே பெரும்பாலான குளங்களில் எதிர்முனை (பின்னோக்கி நிற்கும் குட்டி முள்) இல்லாத முள் மட்டும்தான் அனுமதி, மீனின் வாய் கிழியக் கூடாது என்பதற்காக. இரை தூவியே ஆக வேண்டுமென்றால், ஈப்புழு விற்பார்கள், பத்துப் பன்னிரண்டு புழு. அவ்வளவுதான். பத்துப் புழு போட்டு இருபது நிமிடம் பார்ப்பது. கடி வந்தால் இன்னும் பத்து. கையளவு அள்ளுகிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். போட்டி பெரும்பாலும் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் மூன்றுக்கு முடியும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் எட்டேகாலுக்கு எழும்பி நாலு மணிக்கு முன்னாலேயே விழுந்துவிடும். உச்சிப்பொழுதிலும் தெற்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 14 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, மதுரையில் அதே நாளில் 57 டிகிரி. அவ்வளவு தாழ்ந்த வெயில் என்பதால் தெற்குக் கரையில் மரம் இருந்தால் அந்தப் பக்கத் தண்ணீர் நாள் முழுக்க நிழலிலேயே கிடக்கும், வடக்குக் கரை ஓரம்தான் வெயில் வாங்கும். அந்த ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், கடைசி ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது. பகல் முழுக்க வாங்கிய சூட்டில் மீன் கொஞ்சம் அசைவது அப்போதுதான். மதியமே மூட்டை கட்டுகிறவர்கள் நிறையப் பேர், என் இரண்டாவது போட்டியில் எனக்கு விழுந்த இரண்டு கெண்டையும் இரண்டரை மணிக்கு மேல் வந்தவை.

உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. குளிர் காலிலிருந்துதான் ஏறும். உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி, நனையாத பூட்ஸ், விரல் நுனி திறந்த கையுறை, குடுவையில் வெந்நீரோ காப்பியோ, கை துடைக்க மூன்று துண்டு. ஈரக் கையோடு உட்கார்ந்தால் அரை மணியில் முள்ளில் ரொட்டி கோக்க முடியாது. பனிக்கட்டி மூடிய குளத்தில் கட்டி மேல் ஒரு காலும் வைக்கக் கூடாது, உடைக்க வேண்டியிருந்தால் கரையிலிருந்து மட்டும். அதோடு தூண்டில் போட அங்கே அரசு உரிமச் சீட்டு வேண்டும், பதிமூன்று வயது ஆன யாராக இருந்தாலும். அதை வாங்கிவிட்டானா என்று கேளுங்கள்.

ஒரு மீன் விழுந்தாலும் அந்தக் குளிரில் அது சாதாரண விஷயமில்லை. வெறும் வலையோடு திரும்புகிறவர்கள் பாதிப் பேர் இருக்கிற நாளில் ஒற்றைக் கெண்டை வரிசைப் பரிசையே வாங்கித் தரும். இதை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் பொங்கல் விடுமுறையில் ஒரு பண்ணைக்குட்டையில் தூண்டில் போட்டி வைப்போம். குட்டைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் விட்டிருக்கிறார். போன வருஷம் காலை ஆறு மணிக்கே தொடங்கினோம், ஒன்பது வரைக்கும் யாருக்கும் கடி இல்லை. குளிர்தானே காரணம்? இந்த வருஷம் என்ன மாற்ற வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

குளிர் என்று நாம் சொல்வது நமக்கு. போர்வைக்குள் இருந்து எழுந்து வந்தவருக்கு அது குளிர்தான். ஆனால் நம் பக்கத்துக் குட்டைத் தண்ணீர் மார்கழி, தை விடியலில் கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. கட்லாவும் ரோகும் 25-க்கு மேல் இருந்தால் சுறுசுறுப்பாகத் தின்னும், அதற்குக் கீழே கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவே. உங்கள் ஆறு மணிக் கதையில் பெரிய காரணம் வேறு: மூச்சு. தண்ணீரில் இருக்கிற பாசி பகலில் வெயிலை வைத்துப் பிராணவாயுவை உண்டாக்கும், ராத்திரி முழுக்க அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழிக்கும். விடியும்போது தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். பனிமூட்டம் போட்டால் வெயில் ஏற இன்னும் நேரமாகும். மீன் அந்நேரம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு திரிவதைப் பார்த்திருப்பீர்கள், பசி என்று நினைத்துத் தூண்டிலை முன்னால் போடுகிறோம், அது மூச்சுக்குத் தவிக்கிறது. அந்த மீன் தின்னாது.

அதனால் போட்டியை ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றுக்கு முடியுங்கள். இந்த ஒரு மாற்றமே போதும் என்று கூடச் சொல்வேன்.

மற்றபடி, மூன்று மீனுக்கும் மூன்று தண்ணீர். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீர் மீன். தக்கைக்குக் கீழே இரண்டு, மூன்று அடியில் முள் தொங்கினால் போதும். பத்து மணிக்கு மேல் வெயில் உறைத்ததும் முதலில் அசைவது அதுதான். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி, அடியைத் தொட்டுத்தான் இரை கிடக்க வேண்டும். எட்டுப் பேரும் ஒரே ஆழத்தில் போட்டுவிட்டு மீன் இல்லை என்பது சரியில்லை. நீங்கள் அரை மணிக்கு ஒருமுறை தக்கையை ஏற்றி இறக்கிப் பாருங்கள், மேலே திருமங்கலத்துக்காரருக்குச் சொன்ன அந்தரத் தேடல் இங்கேயும் அப்படியே வேலை செய்யும்.

இரைக்கு, குட்டைக்காரர் தினமும் என்ன போட்டு வளர்க்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் இருக்கும். அந்த மீன் பிறந்ததிலிருந்து தின்ற வாசனை அது. புண்ணாக்கை ராத்திரியே ஊறவைத்து, தவிடு கலந்து, முள்ளில் நிற்பதற்குக் கொஞ்சம் மைதா சேர்த்துப் பிசைந்தால் கடைச்சரக்கு எதுவும் வேண்டாம். மிர்காலுக்கு மண்புழு. உருண்டை சுண்டைக்காய் அளவுக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமும் அன்று காலையும் தீவனம் போட வேண்டாம் என்று குட்டைக்காரரிடம் அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைத்தண்ணீர் வந்தபோது கண்மாய் செம்மண் நிறமாக இருந்தது, மீன் நன்றாகக் கடித்தது. இப்போது தெளிந்து அடி தெரிகிறது. கரைக்குப் போனாலே மீன் ஓடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சோழவந்தான்

அடி உங்களுக்குத் தெரிகிறது என்றால் உங்களையும் அதற்குத் தெரிகிறது. நின்றுகொண்டு எறியாதீர்கள், கரைக்குப் பின்வாங்கி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் பாதி மீன் ஓடாது. கரையில் தொம் தொம்மென்று நடக்காதீர்கள், கெண்டை இனத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. காற்றுப்பையிலிருந்து உள்காதுக்குச் சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலி மாதிரிப் போகின்றன, சத்தம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

நரம்பை ஒரு படி மெலிசாக்குங்கள். பெரிய பிளாஸ்டிக் தக்கையை எடுத்துவிட்டு மயில்தோகைத் தண்டு கட்டுங்கள், இல்லையென்றால் நெட்டியோ சோளத்தட்டைத் துண்டோ போதும், தண்ணீரில் சத்தமில்லாமல் விழும். காற்று அடித்துத் தண்ணீர் சிலுசிலுக்கிற பக்கம் போய் உட்காருங்கள், அலை இருந்தால் மீனுக்குத் தைரியம் வரும். மடைக்கு முன்னால் கிடக்கிற பள்ளம்தான் கண்மாயில் ஆழமான இடம், தெளிந்த தண்ணீரில் பெரிய மீன் பகலில் அங்கேதான் நிற்கும். அது கலங்கல் தண்ணீரானால் வரத்துக்கால் வாய், தெளிந்த தண்ணீரானால் மடைப்பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்னால் கண்மாய் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, யார் குத்தகையில் இருக்கிறது என்று விசாரித்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருக்கிறார்.

வைகையில் தண்ணீர் திறந்திருக்கும்போது கால்வாயில் கெண்டை கிடைக்குமா?
– வாசகர், வாடிப்பட்டி

ஓட்டம் வேகமாக இருக்கும்போது வேண்டாம், ஆபத்து. ஓட்டம் தணிந்ததும் ஷட்டருக்குக் கீழே சுழித்துத் தேங்குகிற ஓரத்தில் பாருங்கள்.

வெளிநாட்டில் போட்டியில் பிடித்த மீனை எடை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறார்களாமே. எங்கள் மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊருக்கே குழம்பு மணக்கும். கையில் வந்ததை விடுவது என்ன பழக்கம்?
– வாசகர், மேலூர்

இரண்டும் வேறு வேறு. உங்கள் திருவிழா கோடையில், தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனபோது நடப்பது. விடிய விடியக் காத்திருந்து, வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரம் பேர் இறங்குகிறோம். எப்படியும் வற்றப்போகிற தண்ணீர், அந்த மீனை ஊர் கூடிப் பகிர்ந்து தின்பதுதான் முறை. அந்தக் குழம்புக்கு ஈடு எதுவும் இல்லை, நானும் வருஷா வருஷம் வருகிறேன்.

அங்கே குளம் வற்றுவதில்லை. நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுகிற குளங்கள் அவை. ஒரே கெண்டை பத்துப் பதினைந்து வருஷம் கூட உயிரோடிருந்து எத்தனையோ பேர் கையில் வரும். அதைக் கொன்றுவிட்டால் அடுத்த வாரம் போட்டிக்கு மீன் இல்லை. அதனால் பிடித்ததைத் தண்ணீரிலேயே கிடக்கும் நீளமான வலைப்பையில் விட்டுவைத்து, கடைசியில் தராசு சுற்றி வரும்போது மொத்தமாக எடை போட்டு, உடனே விட்டுவிடுவார்கள். முதன்முறை என் கையால் ஒரு நாலு பவுண்டுக் கெண்டையை விட்டபோது எனக்கும் மனசு ஒப்பவில்லை. அது வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மெதுவாக ஆழத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகு, சரி, இதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று பட்டது.

உங்கள் பக்கத்தில் யாராவது பண்ணைக்குட்டையில் அப்படி ஒரு போட்டி வைத்தால் இதைச் செய்யுங்கள்: மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் அதற்குத் தோல் நோய் வராமல் காக்கிற கவசம். மண்ணில் போடாதீர்கள், நனைத்த சாக்கை விரித்து அதன் மேல் வையுங்கள். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிய மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது சந்தேகம்.

நான் தூண்டில் போடப் போகும்போதெல்லாம் என் பன்னிரண்டு வயது மகளும் வர வேண்டும் என்கிறாள். தை மாதம் எங்கள் சொந்தக்காரர்கள் குட்டையில் வைக்கிற போட்டியில் அவள் பேரையும் சேர்க்கச் சொல்கிறாள். பனியில் உட்கார வைக்கலாமா, பெண் பிள்ளை எதற்கு என்று வீட்டில் சொல்கிறார்கள்.
– வாசகி, நிலையூர்

தாராளமாகச் சேருங்கள். தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுமை அந்த வயசுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம். நீங்களே தூண்டில் போடுகிற தாய், அவள் வேறு யாரிடம் கற்றுக்கொள்வாள்? காதை மூடுகிற குல்லாவும் ஒரு ஸ்வெட்டரும் போதும், ஒன்பது மணிக்குத் தொடங்கினால் அதுவும் வேண்டியிருக்காது. அவளுக்குப் பெரிய கம்பு கொடுக்காதீர்கள், அவள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான மூங்கில், மெலிசு நரம்பு, சின்ன முள், முதல் நாள் மண்புழு. புழுவை அவளே கோக்கட்டும்.

எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. அந்தக் குட்டை மண் குட்டையா, தார்ப்பாய் விரித்த குட்டையா? தார்ப்பாய் விரித்ததென்றால் சரிவில் பாசி பிடித்து எண்ணெய் தடவியது போல் இருக்கும். பனி விழுந்த காலையில் இன்னும் மோசம். உள்ளே வழுக்கினால் நீச்சல் தெரிந்த பெரியவர்களாலேயே பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது. போட்டிக்கு முன்னாலேயே நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தண்ணீர் வரை தொங்கவிடச் சொல்லுங்கள், காற்றடித்த லாரி டியூப் ஒன்று கரையில் கிடக்கட்டும். பிள்ளை உட்காருகிற இடம் கரையின் மேல்மட்டத்தில், சரிவிலிருந்து நாலு அடி உள்ளே இருக்கட்டும். மீன் விழுந்தால் கரைக்கு இழுத்து வருவது அவள் வேலை, கைவலையோடு ஓரத்துக்குப் போய் அள்ளுவது நீங்கள்.